பாலரும் பசுங்காய்கறியும்

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் நலம் குன்றிய பிள்ளையின் செவியில் எழுத்தும் ஏறாது, எண்ணும் ஏறாது. ஆகவே, பிள்ளைகள் எதை உண்கிறார்கள் என்பது அடுக்களையோடு முடிந்துவிடும் செய்தி அன்று. அது கல்வியைச் சார்ந்த செய்தியும் ஆகும்.

பாலர் வகுப்பில் நாள்தோறும் உணவு வழங்கப்படுகிறது. பிள்ளைகள் உண்டு எழுந்தபின் தட்டுகளை ஒருமுறை பார்த்தால் போதும், உண்மை விளங்கும். சோறு தீர்ந்திருக்கும், முட்டை தீர்ந்திருக்கும், கோழித் துண்டும் தீர்ந்திருக்கும். பயற்றங்காயும் கேரட்டும் சவிக் கீரையும் தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். மீகூன் வழங்கும் நாளில், அதில் கலந்திருக்கும் பச்சைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைப்பதில் நம் பிள்ளைகள் காட்டும் பொறுமையைக் கண்டால் வியப்பாக இருக்கும். அந்தப் பொறுமையைச் சற்றே திசை திருப்பினால், காய்கறியை உண்ணவும் அவர்களைப் பழக்கலாம். அதற்குரிய வழி விளையாட்டு. அவ்வழியைப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காய்கறி ஏன் வேண்டும்?

கீரை, கேரட், பூசணி ஆகியவற்றில் உள்ள கரோட்டீன் என்னும் பொருள் உடலுக்குள் உயிர்ச்சத்து 'ஏ'யாக மாறிக் கண்ணைக் காக்கிறது. காய்களில் உள்ள நார்ச்சத்து மலச்சிக்கலை நீக்குகிறது. மூன்று நாள் வயிறு கட்டிய பிள்ளையால் பாடத்தில் மனம் செலுத்த இயலாது என்பதைப் பாலர் வகுப்பு ஆசிரியர் யாவரும் அறிவர். கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. எலுமிச்சைச் சாறு, தக்காளி முதலியவற்றில் உள்ள உயிர்ச்சத்து 'சி' அதற்குத் துணை செய்கிறது. கரோட்டீன் உடலில் சேரச் சிறிது எண்ணெய் வேண்டும். நம் பாட்டிமார் கீரையைத் தாளித்ததும் பொரியலில் எலுமிச்சை பிழிந்ததும் பொருளற்ற பழக்கங்கள் அல்ல.

எவ்வளவு உண்ண வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2 முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் பழமும் சேர்த்துக் குறைந்தது 250 கிராம் வேண்டும். 6 முதல் 9 வயது வரையுள்ளோர்க்கு 350 கிராம். அதற்கு மேற்பட்டோர்க்கு 400 கிராம்.

இனி நம் நாட்டு நிலைமையைக் காண்போம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், போதிய அளவு காய்கறியும் பழமும் உண்ணாத பெரியோர் 94.9 விழுக்காட்டினர் எனத் தெரிய வந்தது. அதே ஆய்வில் பெரியோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதும், பேரினங்களுள் இந்தியரிடையே அது மிகுந்திருப்பதும் கண்டறியப்பட்டன. சர்க்கரை நோயால் கால் விரலை இழந்தவரையும், வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று வருபவரையும் நம் உறவிலோ அண்டை வீட்டிலோ நாம் கண்டுகொண்டுதான் இருக்கிறோம். காய்கறி ஒன்றே இந்நோயைத் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆயினும், தட்டு நிறையச் சோறும் குவளை நிறைய இனிப்பு நீருமாக வளரும் பிள்ளை, நாற்பது வயதில் திடீரென்று உணவுமுறையை மாற்றிக்கொள்வது அரிது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

தோட்டம் மறைந்தது, காயும் மறைந்தது

முன்னாளில் தோட்டப்புறத்து லயங்களின் பின்புறம் சிறு சிறு கொல்லைகள் இருந்தன. முருங்கை, மரவள்ளி, பாகல், கத்தரி, வெண்டை ஆகியவை அங்கு விளைந்தன. இருள் பிரியுமுன்னே பெரட்டுக்குச் சென்ற தாய்மார், பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். மாலையில் வீடு திரும்பியதும் கொல்லையில் பறித்த கீரையே குழம்பாயிற்று. 1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி வைத்து, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் உணவுப் பயிர் வளர்க்குமாறு மக்களை ஊக்குவித்தார். அக்காலப் பள்ளிகளிலும் காய்கறிப் பாத்திகள் பசுமையாக இருந்தன.

பிற்காலத்தில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் குடிபெயர்ந்தன. பெயரளவில் தோட்டப் பள்ளியாக இருப்பினும், பல பள்ளிகளின் பிள்ளைகள் இன்று வேனிலும் பேருந்திலும் வந்து சேருகின்றனர். வெண்டைச் செடி பூப்பதையும் பாகற்கொடி படர்வதையும் அவர்கள் கண்டதில்லை. நெகிழிப் பைக்குள் அடைபட்ட காயைத்தான் கண்டிருக்கின்றனர். அறியாத பொருளிடம் அன்பு பிறவாது. காய்கறியும் அதற்கு விலக்கன்று.

பிள்ளை ஏன் மறுக்கிறது?

காய்கறியை மறுக்கும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மை வேறு. ஏறத்தாழ 2 வயது முதல் 6 வயது வரை, புதிய உணவைக் கண்டு அஞ்சுதல் பிள்ளைகளுக்கு இயல்பு. நடக்கத் தொடங்கிய குழந்தை கண்ட இலையையும் காயையும் வாயில் இட்டு நஞ்சுண்டு போகாதபடி இயற்கை இட்ட வேலி அது என்று அறிஞர் கருதுவர். மேலும், பெரியவர்களைக் காட்டிலும் சிறுவர் பலர் கசப்பை மிகுதியாக உணர்கின்றனர். நமக்கு மெல்லிய கைப்பாகத் தோன்றும் கீரை, அவர்கள் நாவில் கடுங்கசப்பாக இருத்தல் கூடும்.

இந்த அச்சத்தை வெல்வது எவ்வாறு? பழக்கத்தால்தான். அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1980களில் பாலர்களிடையே நடத்திய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. ஓர் உணவை எத்தனை முறை சுவைத்தார்களோ அந்த அளவுக்குப் பிள்ளைகளுக்கு அதன்மீது விருப்பம் கூடிற்று. ஒரு புதிய காய் பிள்ளைக்குப் பிடித்துப்போக 8 முதல் 15 முறை வரை அதனைச் சுவைக்க நேரிடலாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பெற்றோர் பலர் மூன்றாம் முறையிலோ நான்காம் முறையிலோ, "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்புக் கூறி நிறுத்திவிடுகின்றனர். பத்தாம் முறை வரை பொறுத்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்.

செய்யத் தகாதவை

விளையாட்டுக்குள் புகுமுன் விலக்க வேண்டியவற்றைக் கூறிவிடுதல் நலம்.

முதலாவது, வாயில் திணித்தல். அழுதுகொண்டே விழுங்கிய கீரை வயிற்றுக்குள் போகலாம்; ஆனால் கீரையின் நினைவோடு அழுகையின் நினைவும் சேர்ந்தே தங்கிவிடும்.

இரண்டாவது, கையூட்டுக் கொடுத்தல். "காயைத் தின்றால் சாக்லெட் தருவேன்" என்று கூறும்போது நாம் பிள்ளைக்கு உணர்த்துவது யாது? காய் தண்டனை, சாக்லெட் பரிசு என்பதே. ஓர் உணவை உண்டால் பரிசு என்று விதித்தபோது, பிள்ளைகளுக்கு அவ்வுணவின்மீது இருந்த விருப்பம் குறைந்தது என்பதை லீன் பர்ச் 1984ஆம் ஆண்டு ஆய்வில் காட்டினார்.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பேசுதல். "உன் தங்கையைப் பார், எப்படிச் சாப்பிடுகிறாள்!" என்னும் சொல் தங்கையின்மீது சினத்தை வளர்க்கும், கீரையின்மீது விருப்பத்தை வளர்க்காது.

நான்காவது, அச்சுறுத்தல். டாக்டர் ஊசி போடுவார் என்று மிரட்டுவதால் மருத்துவமனையும் பகையாகும், காயும் பகையாகும்.

விளையாட்டே பாடம்

பாலர் கல்வியின் முன்னோடிகள் விளையாட்டைக் கல்வியின் உயிராகக் கண்டனர். ஜெர்மானியக் கல்வியாளர் பிரோபல் 1837ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய பாலர் நிலையத்துக்கு 1840ஆம் ஆண்டில் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். பிள்ளைகளுக்கு அங்கே மெய்யாகவே சிறு சிறு பாத்திகள் ஒதுக்கப்பட்டன. ரோமாபுரியில் 1907ஆம் ஆண்டில் முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், கையால் தொட்டுணர்ந்து கற்பதையும் வீட்டு வேலைகளைப் பிள்ளைகளே செய்து பழகுவதையும் வலியுறுத்தினார். இவ்விருவர் காட்டிய நெறியை ஒட்டியே பின்வரும் விளையாட்டுகளைப் பாலர் வகுப்புக்கு அமைத்துள்ளோம். செலவு மிகக் குறைவு.

1. மாயப்பை

ஒரு துணிப்பைக்குள் வெண்டைக்காய், பாகற்காய், கேரட், வெள்ளரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை இடுக. பிள்ளை கண்ணால் காணாமல் கையை உள்ளே விட்டு ஒன்றைத் தடவிப் பார்க்க வேண்டும். பெயரைச் சொல்லுமுன், அது எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வழவழப்பு, சொரசொரப்பு, மேடு பள்ளம், நீளம், உருண்டை, கூர் முனை முதலிய சொற்கள் இங்கே இயல்பாகப் பிள்ளையின் வாயில் வந்து அமையும். இது மொழிப்பாடமும் ஆகும். உண்ணும்படி யாரும் கேட்காதபோது, பாகற்காயைத் தொடுவதற்கு அஞ்சிய பிள்ளையும் கை நீட்டும். முதல் வெற்றி அதுவே.

2. காதால் உண்ணுதல்

பயற்றங்காயை ஒடித்தால் என்ன ஒலி எழுகிறது? வெள்ளரிக்காயை ஒடித்தால்? இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு வெள்ளரித் துண்டை மென்றால், தலைக்குள்ளே 'மொறுக் மொறுக்' என்று பேரொலி கேட்கும். பிள்ளைகள் இதனைக் கேட்டு வியந்து சிரிப்பார்கள். ஒலியைக் கேட்பதற்காகவே இரண்டாவது துண்டையும் கேட்பார்கள். பிரான்சு நாட்டில் தோன்றிப் பின்லாந்து முதலிய நாடுகளின் பாலர் பள்ளிகளுக்கும் பரவிய சுவைக் கல்வி முறையில், ஐம்புலன்களாலும் உணவை அறிவதே அடிப்படை.

3. காய்கறி அச்சு

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் மலர் மலரும். சவிக் கீரையின் அடிக்கட்டையை ஒற்றினால் ரோஜாவைப் போன்ற வடிவம் கிடைக்கும். உணவை வீணாக்காதவாறு, சமையலில் கழிந்த அடிக்கட்டைகளையும் முற்றிய காய்களையும் இதற்குப் பயன்படுத்துக. வண்ணம் தோய்ந்த காயைப் பிள்ளைகள் வாயில் இடாதபடி, ஓவிய வேளையையும் உணவு வேளையையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

4. சந்தைக் கடை

வகுப்பின் மூலையில் ஒரு மேசை; அதன்மேல் காய்கள்; ஒரு சிறு தராசு; தாளில் வரைந்த ரிங்கிட் நோட்டுகள். ஒருவர் கடைக்காரர், மற்றவர் வாடிக்கையாளர். "அண்ணே, ஒரு கட்டுக் கீரை என்ன விலை?" "இரண்டு வெள்ளி, அம்மா!" எண்ணும் கூட்டலும் நிறையும் இங்கே விளையாட்டாய் அமைகின்றன. தமிழ்ப் பெயரோடு மலாய்ப் பெயரும் கற்பிக்கலாம். கத்தரி தெரோங்; வெண்டை பெண்டி; வெள்ளரி தீமுன்; பூசணி லாபு. முதலாம் ஆண்டில் மலாய் மொழி கற்கும்போது இச்சொற்கள் கைகொடுக்கும்.

5. விடுகதையும் பாட்டும்

கீழ்க்காணும் விடுகதைகளை எம் வகுப்புக்கென்று இயற்றினோம்.

பச்சைச் சட்டை போட்டவன். உள்ளே முத்து வைத்தவன். ஒடித்தால் நூலை விடுபவன். அவன் யார்? (வெண்டைக்காய்)

உடம்பெல்லாம் மேடும் பள்ளமும். நாவில் பட்டால் முகம் சுளிக்கும். ஆனாலும் பாட்டிக்கு இவன்மேல் பிரியம். அவன் யார்? (பாகற்காய்)

மேலே ஆடுவது பச்சைக் குடுமி. கீழே உறங்குவது வெள்ளை உடம்பு. அவன் யார்? (முள்ளங்கி)

தண்ணீர் ஊற்றும் வேளையில் பாடுவதற்கு ஒரு சிறு பாட்டும் உண்டு.

கங்கோங் விதையைப் பார்த்தேனே,
கையால் மண்ணில் வைத்தேனே,
நாளும் தண்ணீர் விட்டேனே,
நான்காம் வாரம் பறித்தேனே!

6. சுவைப் படிகள்

சுவரில் ஏணி ஒன்றை வரைந்து, கீழிருந்து மேலாக எட்டுப் படிகளை அமைக்க வேண்டும். பார்த்தல், தொடுதல், முகர்தல், உதட்டில் வைத்தல், நாவால் தொடுதல், கடித்தல், மெல்லுதல், விழுங்குதல் என்பன அப்படிகள். இன்று ஒரு பிள்ளை முகர்தல் வரை ஏறினால் அதுவே போதும். நாளை மேலே ஏறலாம். ஏறிய படியில் ஒரு சிறிய தாள் இலையை ஒட்டலாம். தின்பண்டம் எதுவும் பரிசாகத் தர வேண்டா. மென்றது ஒவ்வாவிடில் மெல்லிய தாளில் துப்பிவிடவும் இடமளிக்க வேண்டும். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளையே துணிந்து கடிக்கும்.

இவ்விளையாட்டில் ஒரு சொல்லைக் கற்பிக்கிறோம். "சீ! எனக்குப் பிடிக்காது" என்று சொல்லுதல் கூடாது; "எனக்கு இன்னும் பழகவில்லை" என்று சொல்ல வேண்டும். முதற் கூற்று கதவை அடைக்கிறது. இரண்டாவது கதவைத் திறந்து வைக்கிறது. காய்கறிக்கு மட்டுமன்றி, பிற்காலத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் இச்சொல் பயன்படும்.

வகுப்புத் தோட்டம்

மேற்கூறிய விளையாட்டுகள் அனைத்தினும் மேலானது, தானே விதைத்துத் தானே பறிப்பது. நம் நாட்டு வெப்பத்திலும் மழையிலும் கங்கோங் விரைந்து வளரும். நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடுவதால், பொறுமை குறைந்த சிறுவர்க்கு இதுவே ஏற்ற பயிர்.

முதல் வாரம்: குடிநீர்ப் புட்டிகளைக் குறுக்கே வெட்டி, அடியில் துளையிட்டு, மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்புக. பழைய சாயத் தகரங்களைப் பயன்படுத்த வேண்டா. விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, விரல் நுனி ஆழத்தில் ஊன்றுக. ஒவ்வொரு புட்டியிலும் பிள்ளையின் பெயரை எழுதி வைக்க வேண்டும். அவ்வாரத்துக்குள் முளை தலை நீட்டும்.

இரண்டாம் வாரம்: இலைகளை எண்ணுக. ஐஸ்கிரீம் குச்சியைப் பக்கத்தில் நட்டு, செடியின் உயரத்தைக் கோடிட்டுக் குறிக்கலாம்.

மூன்றாம் வாரம்: செடியைப் பார்த்துப் படம் வரைக. ஒரு புட்டியை மட்டும் இருண்ட அலமாரிக்குள் வைத்துச் சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், வெயில் இன்றி இலை வெளுத்துப்போவதைப் பிள்ளைகள் கண்டறிவார்கள்.

நான்காம் வாரம்: அடியில் நான்கு விரற்கடை விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். அறுத்த கீரையைப் பிள்ளைகளே கழுவி, கையால் கிள்ளி, சமையலுக்குத் தருவார்கள்.

புட்டியின் அடியில் தட்டு வைத்து நீரைத் தேக்குதல் கூடாது. ஏடிஸ் கொசு பெருகி டிங்கிக் காய்ச்சலுக்கு வழி வகுக்கும்.

இத்தோட்டத்தின் பயனுக்கு ஒரு சான்று கூறுவோம். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன். பச்சை நிறம் எதுவும் அவன் தட்டில் இருத்தல் ஆகாது. வெங்காயத் தாளையும் விரலால் எடுத்து எறிவான். சோறும் கிச்சாப்பும் பொரித்த முட்டையுமே அவன் உணவு. விதை ஊன்றியபின் காலையில் பை இறக்குமுன்னே அவன் ஓடுவது தன் புட்டியிடம்தான். அறுவடை நாளில் கீரை வதக்கப்பட்டு மேசைக்கு வந்தது. "என் கீரை எது?" என்று கேட்டான். எல்லாருடைய கீரையும் ஒன்றாய்க் கலந்துவிட்டது என்று ஆசிரியை கூறினார். சற்று நேரம் தட்டையே பார்த்தான். பின்னர் ஓர் இலையை எடுத்து, நெடு நேரம் மென்று, விழுங்கினான். அன்று ஓர் இலை மட்டுமே. ஆண்டிறுதிக்குள் கங்கோங்கும் பயற்றங்காயும் உண்ணப் பழகிவிட்டான்; கத்தரிக்காய் மட்டும் அவனுக்கு இன்னும் பழகவில்லை. அவன் தாயார் பள்ளிக்கு வந்து, வீட்டு முன்வாசலில் வைப்பதற்கு விதை கேட்டு வாங்கிச் சென்றார். எம் ஆசிரியர்கள் பெற்ற பாராட்டுகளுள் அதனைப் பெரிதாகக் கருதுகிறோம்.

உணவு வேளையில்

விளையாட்டில் விளைந்த விருப்பம் உணவு மேசையில் வாடிவிடாதவாறு காத்தல் வேண்டும். அதற்குச் சில நெறிகளைக் கடைப்பிடிக்கிறோம்.

ஆசிரியரும் பிள்ளைகளோடு அமர்ந்து அதே காயை உண்ண வேண்டும். பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதையே பின்பற்றுகின்றனர்.

பசி மிகுந்திருக்கும் தொடக்கத்திலேயே காயை வைக்க வேண்டும். சோறு உண்டு வயிறு நிறைந்தபின் வைத்த காய் ஓரத்திற்கே போகும்.

ஒரு கரண்டி மட்டும் வைக்க வேண்டும். குவியலைக் கண்ட பிள்ளை மலைத்துவிடும். சிறிதைக் கண்ட பிள்ளை துணியும்.

விரும்பி உண்ணும் பிள்ளையின் அருகில், தயங்கும் பிள்ளையை அமர்த்த வேண்டும். காயை விரும்பும் தோழர்களோடு சில நாள் அமர்ந்து உண்ட பாலர்கள், தாம் முன்பு ஒதுக்கிய காயைத் தாமே தேர்ந்தெடுத்தனர் என்பது லீன் பர்ச் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் முடிவு.

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்னும் தட்டு முறையைப் பரப்பி வருகிறது. தட்டின் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு. அரைப் பங்கு காய்கறியும் பழமும். வட்டத் தாளை மடித்துப் பிரித்தால் காலும் அரையும் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். இது கணிதத்திற்கும் நல்ல தொடக்கம்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

பள்ளியில் பிள்ளை இருப்பது அரை நாள். வீட்டில் இருப்பது எஞ்சிய நேரமெல்லாம். பெற்றோர் துணையின்றி எம் முயற்சி பாதி வழியில் நின்றுவிடும். வேலை நேரமும் காய்கறி விலையும் உங்களை நெருக்குவதை நாம் அறிவோம். ஆகவே எளிய வழிகளையே கூறுகிறோம்.

அவசரத்திற்கு மெகி மீ சமைக்க நேர்ந்தால், அதில் ஒரு பிடி சவிக் கீரையும் ஒரு முட்டையும் சேருங்கள். உப்புத் தூளைப் பாதியாகக் குறையுங்கள்.

பருப்போடு கீரையை மசித்துத் தாளியுங்கள். சாம்பாரில் பூசணியும் முருங்கைக்காயும் இடுங்கள். ஆயினும் எல்லாக் காயையும் மசித்து மறைத்துவிடாதீர்கள். காயின் உருவத்தை அறியாத பிள்ளை, நாளை அதனைக் கண்டதும் மீண்டும் அஞ்சும்.

கீரை ஆய்வதற்கும் பயற்றங்காய் ஒடிப்பதற்கும் பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். வேலை சற்றுத் தாமதமாகும். பயன் நெடுநாள் நிற்கும்.

தந்தைமார்க்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் காயை ஒதுக்கி வைத்துவிட்டு மகனை உண்ணச் சொன்னால், அவன் உங்கள் சொல்லைக் கேட்க மாட்டான். உங்கள் தட்டைப் பார்ப்பான்.

கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் பலவகைக் காய்களை உண்ணுதல் நலம். தாய் உண்ட கேரட்டின் சுவை குழந்தைக்கும் பழகிவிடுவதை 2001ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியுள்ளது.

என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யுங்கள். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். இவ்வாறு பொறுப்பைப் பகிர்ந்துகொண்டால் உணவு வேளை போர்க்களமாகாது.

கவனிக்க வேண்டியவை

பச்சைக் கேரட்டை வட்டத் துண்டுகளாகச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்தல் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். உண்ணும்போது ஓடவும் படுக்கவும் விடாதீர்கள். காய்களை ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். எந்தப் பிள்ளைக்காவது ஏதேனும் உணவு ஒவ்வாதெனில் முன்கூட்டியே ஆசிரியரிடம் தெரிவியுங்கள். இரண்டு மூன்று வகை உணவைத் தவிர வேறெதையும் உண்ணாமல், எடையும் ஏறாமல், உணவைக் கண்டாலே குமட்டும் பிள்ளையை அரசாங்க கிளினிக்கில் காட்டுதல் வேண்டும். அது விளையாட்டால் மட்டும் தீரும் குறை அன்று.

முடிவுரை

பாலர் வகுப்பை விட்டுச் செல்லும் பிள்ளை எல்லாக் காயையும் விரும்பி உண்ண வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. காயின் பெயரை அறிய வேண்டும். அது மண்ணில் வளர்வதைக் கண்டிருக்க வேண்டும். தட்டில் கண்டால் அஞ்சாமல் ஒரு வாய் சுவைத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் எஞ்சியதைக் காலமும் குடும்பமும் பார்த்துக்கொள்ளும்.

எழுத்தறிவும் எண்ணறிவும் பிள்ளைக்கு நாம் தரும் செல்வங்கள். அச்செல்வங்களைத் துய்க்க நோயற்ற உடல் வேண்டும். அதற்கான முதற் பாடத்தை ஒரு வெண்டைக்காயைக் கொண்டும் ஒரு பிடி விதையைக் கொண்டும் இன்றே தொடங்கலாம். பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, வரும் விடுமுறையில் வீட்டுக்கு ஒரு புட்டிக் கங்கோங் வளர்ப்போம். நம் பிள்ளைகள் நலத்தோடு வளர்க!